புத்தகம் யாரிடம் இருந்தது

தம்பி,

போன ஞாயிறு கனடாவிலிருந்து டெலிபோனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை, பிறகு கதைப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நல்லாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது.

நீ கேட்டது இதுதான். "அப்பா, நிலானியின்ர அண்ணா குகன் முந்தி கொழும்பில இருக்கேக்க பொலிஸ் பிடிச்சதாம். ஒரு ஃபுட்போல் கிளப்பில மெம்பராய் இருந்ததாலயாம். கிளப் தலைவர் ஒரு சிங்கள ஆள், அவர்தான் லிஸ்ட்டைக் குடுத்தவராம். அது உங்கட கிளப்தானே. அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமே?" நான் வாய் திறப்பதற்குள் குகன் உன்னிடமிருந்து போனை வாங்கிவிட்டார். "மாமா, எங்கட அப்பா இப்ப இல்லை. உங்கட மகனும் நிலானியும் கட்டுற நாளைக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும். உங்கட கையாலதான் தாலி எடுத்துக் குடுக்கவேணும். நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் லைன் சரியில்லை என்று சொன்னேன்.

எழுத்தில் சொல்வதற்குக் காரணம், டெலிபோன் என்றால் நான் தப்பி ஓடிவிடுவேன். உனக்கு இதுவரைக்கும் தெரியாத ஒரு குணம் எனக்கு இருக்கிறது. முதலில் நீ தனிய வாசி. பிறகு என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

உனக்குக் கால்பந்து பிடிக்காது. சனிக்கிழமைகளில் நான் துணிப்பையோடு வெளிக்கிடும்போது நீ டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நிமிராமலே கை காட்டுவாய். அப்பா மட்ச் பார்க்கப் போகிறார் என்று நீயும் அம்மாவும் நினைத்தீர்கள். உண்மையில் நான் மட்ச் பார்த்தது குறைவு. நான் கழகத்தின் பொருளாளர். வாசலில் மேசை போட்டு டிக்கட் கிழிப்பதுதான் என் வேலை. முதுகுக்குப் பின்னால்தான் விளையாட்டு நடக்கும். சனம் போடும் சத்தத்தை வைத்து கோல் எந்தப் பக்கம் விழுந்தது என்று அறிந்துகொள்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். கடைக்காரர்தான் சிறில். சிங்களவர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிங்களத்தில் அண்ணன் என்று நான் அவரை அய்யே என்றேன், தம்பி என்று அவர் என்னை மல்லி என்றார். எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஒரு ஞாயிறு அவர் மேலே ஏறிவந்து, "நீ கணக்கு எழுதுற ஆள்தானே மல்லி. சும்மா கூரையைப் பாத்துக்கிட்டு இருக்காம எங்க கிளப் கணக்கைப் பாரு" என்றார். அப்படித்தான் போனேன். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் விடவில்லை. லீக்கின் கடைசிப் பிரிவில் விளையாடிய சின்னக் கழகம் அது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், கொச்சிக்கடை ஸ்டோர்களில் வேலை செய்கிறவர்கள், மலைநாட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர், எல்லாரும் கலந்த அணி. வேலை முடித்து வந்து அதே களைப்போடு விளையாடுவார்கள்.

கழகத்துக்கு வருமானம் என்றால் வாசலில் விழும் காசு மட்டும்தான். அதில் மைதான வாடகை, நடுவருக்கும் கோட்டு நடுவர்களுக்கும் கொடுப்பது, உடுப்பு தோய்க்கிற கூலி, விளையாடியவர்களுக்குப் பாணும் பிளேன்டீயும். இருநூறு பேர் வந்தால் கைக்கும் வாய்க்கும் சரி. அதற்கு மேலே வரும் ஒவ்வொருவரும் எங்களுக்கு லாபம். யுத்தம் முற்ற முற்ற சனம் குறைந்தது. நகரத்தில் ஒரு குண்டு வெடித்தால் மூன்று நாலு கிழமைக்கு மட்ச் இல்லை. திரும்பத் தொடங்கும்போது, முன்பு வந்தவர்களில் கால்வாசிப் பேர் வரமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் தனிய வந்தார்கள், பிறகு அவர்களும் நின்றார்கள். கூட்டமான இடத்துக்குப் போகாதே என்று வீட்டில் சொல்கிற காலம். டிக்கட் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணித்தான் நான் சண்டையின் நிலைமையை விளங்கிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பேர். அன்றைக்கு நடுவருக்குச் சிறில் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். "இப்படியே போனா கிளப்பை மூடத்தான் வேணும் மல்லி" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்கமுடியவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளவத்தை லொட்ஜுகள் எல்லாம் வடக்கிலிருந்து வந்த எங்கள் தமிழ்ப் பெடியன்களால் நிறைந்திருந்தன. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்டுக்காகக் காத்திருக்கிறவர்கள். மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே இருப்பார்கள். வெளியே வந்தால் செக்பொயின்ட், ஐ.சி. என்கிற அடையாள அட்டை, "கொழும்பில் உனக்கு என்ன வேலை" என்ற கேள்வி. அவர்களுக்கு அங்கத்தவர் கார்ட் கொடுத்தால் என்ன? படம் ஒட்டி, கழக முத்திரை குத்தி, சிங்களத்திலும் அச்சடித்து, தலைவர் என்று சிறிலின் கையெழுத்தும் வைத்து. வருசத்துக்கு ஐம்பது ரூபாய். ஒவ்வொரு லொட்ஜாக ஏறி இறங்கினேன். "மறிச்சால் இதைக் காட்டலாம். ஒரு காரணம் சொல்லலாம்" என்றேன். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். முதலில் எனக்கு வேண்டியது அவர்களின் பாதுகாப்பு அல்ல, என் வாசலில் கூட்டம்.

கூட்டம் வந்தது. அந்த சீசன் முழுக்கக் கணக்கில் ஒருமுறைகூடத் துண்டு விழவில்லை. புதுக் கோல் வலை வாங்கினோம். பெடியன்கள் வரிசையாக நின்று கார்டைக் காட்டி, டிக்கட் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். பாதிப் பேருக்கு விளையாட்டின் விதி தெரியாது, மற்ற அணி கோல் போட்டாலும் கைதட்டுவார்கள். அவர்களில் ஒருவர்தான் குகன். அப்போது இருபது வயது, மெலிந்த பெடியன், எப்போதும் ஒரே நீலச் சட்டை. ஒருநாள் மட்ச் முடிந்தும் போகாமல் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, மட்ச் பிடிச்சுதோ?" என்று கேட்டேன்.

"பந்து எந்தப் பக்கம் போகவேணும் எண்டே எனக்கு வடிவாத் தெரியாது ஐயா. ஆனா இஞ்ச நிக்கிற ரெண்டு மணித்தியாலமும் என்னை ஒருத்தரும் ஐ.சி. கேக்கேல்லை. அதுக்காகத்தான் வாறனான்."

அன்றைக்கு நான் பஸ்ஸில் பெருமையோடு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் தலையைத் தடவினேன். நீ என்ன அப்பா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

சிறிலுக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது. அங்கத்தவர் பெயரும் விலாசமும் எழுதிய புத்தகம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. "அந்தப் புத்தகத்தை என்கிட்ட குடு மல்லி. கடையில வைக்கிறேன்" என்று இரண்டு முறை கேட்டார். கணக்குப் பிள்ளையின் கர்வம், நான் கொடுக்கவில்லை. கடைசியில் அவர், "சரி, யாராவது வந்து கேட்டா சிறில்கிட்ட இருக்குன்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் செய்யமாட்டாங்க. உனக்குச் செய்வாங்க" என்றார். தலையாட்டினேன். நான் சொல்லவேண்டியிருந்தது அந்த ஒரு வசனம்தான்.

அடுத்த குண்டு வெடித்து நாலாம் நாள் காலை ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும் எங்கள் வாசலில் நின்றார்கள். நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். அம்மா சந்தைக்குப் போயிருந்தா. செக்பொயின்ட்டில் ஒரே மாதிரிக் கார்டோடு மூன்று பெடியன்களைக் கண்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கத்தவில்லை, அடிக்கவில்லை. மரியாதையாகச் சிங்களத்தில், "மாத்தையா, உங்கள் கழகத்துக்கு அங்கத்தவர் பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி, எனக்கு அந்த வசனம் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என் கால் அலுமாரிப் பக்கம் நடந்துவிட்டது. நானே திறந்து, நானே எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதில் விளையாடுகிறவர்கள் யார், லொட்ஜில் தங்குகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாதே" என்றார். பென்சிலை எடுத்தேன். மேசையில் இருந்து, பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துக்கொடுத்தேன். அவர்களுக்கு நான் நல்லவன் என்று காட்டவேண்டும் என்பதைத் தவிர அந்த நேரம் என் மனதில் ஒன்றும் இல்லை. உன்னையும் அம்மாவையும் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை அது அல்ல. எனக்குப் பயம், அவ்வளவுதான். போகும்போது இன்ஸ்பெக்டர் நன்றி சொன்னார். நான் வாசல் கேற்வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

புள்ளி வைத்தது பதினேழு. அன்று பின்னேரமே பதினேழு பேரையும் ஏற்றிப்போனார்கள். பதினாறு பேர் ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் வெளியே வந்தார்கள். குகன் வரவில்லை. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து தோளில் ஒரு தழும்பு. அது சண்டைக் காயம் இல்லை என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. பதினாலு மாதம் சிறையில் இருந்தார். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டு. ஆகவே நான் போனேன். உறவுமுறை எழுதச் சொன்ன இடத்தில் தாய்மாமன் என்று எழுதினேன். சோப், பிஸ்கட், துவாய், உள்ளுடுப்பு. மாதம் ஒருமுறை தவறாமல். அதைத்தான் அவர் மறக்கவில்லை என்கிறார்.

முதல்முறை போனபோது கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாமா, புத்தகம் ஆரிட்ட இருந்தது?"

பக்கத்தில் வேறு ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது கேட்காத மாதிரி நிற்கலாம் என்று பார்த்தேன். அவர் திரும்பக் கேட்டார்.

"தலைவரிட்ட" என்றேன்.

"அப்ப அந்தச் சிங்களவன்தான்" என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சோப்பை உள்ளே தள்ளினேன்.

கதை கம்பிக்கு உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த பதினாறு பேரும் அதை நம்பினார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆட்கள் சிறிலின் கடைக்குப் போவதை நிற்பாட்டினார்கள். முப்பது வருசமாக ஆணியும் பெயின்டும் வாங்கியவர்கள் எதிர்ப்பக்கத்தால் நடந்துபோனார்கள். ஒருநாள் கடைக் கதவில் யாரோ சாணியடித்திருந்தார்கள். அவர் கழுவிக்கொண்டிருந்தபோது நான் போய்ச்சேர்ந்தேன். என்னைப் பார்த்து, "வா மல்லி, அந்தத் தண்ணி வாளியை எடு" என்றார். எடுத்துக்கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கார்ட் வைத்திருந்த ஒருவரும் மைதானத்துக்குத் திரும்பவில்லை. கடைசி மட்சில் எங்களுடைய பதினொரு பேர் விளையாட, பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் சிறிலும் நானும் அடக்கம். அன்றைக்குத்தான் மேசையை விட்டு எழும்பி முழு மட்சும் பார்த்தேன். மைதான வாடகை பாக்கியால் அடுத்த வருசம் லீக்கில் எங்கள் பெயர் இல்லை. பாக்கியைச் சிறில் தன் வானை விற்றுக் கட்டினார்.

உன்னையும் அம்மாவையும் உன் மாமாவிடம் கனடாவுக்கு அனுப்பியது அந்த வருசம்தான். நல்ல பள்ளிக்கூடம், பனி, பெரிய ரோட்டு என்று உனக்குச் சொன்னேன். ஆறு மாதத்தில் அப்பாவும் வருவேன் என்றேன். நீ எயார்போட்டில் அழவில்லை, ஆறு மாதத்தை நம்பினாய். அதற்குப் பிறகு இரண்டு முறை மாமா பத்திரங்கள் அனுப்பினார். ஒருமுறை கந்தோரில் லீவு இல்லை என்றேன், மறுமுறை பென்சன் என்றேன். குகன் உள்ளே இருக்கும்வரை போகக்கூடாது என்று முதலில் நினைத்தேன். அவர் விடுதலையாகி வெளிநாடு போன பிறகும் என்னால் போகமுடியவில்லை. அங்கே எங்கள் சனம் நிறைய. அந்தப் பதினேழு பேரில் யாராவது ஒருவர் ஒரு கடையில் முன்னால் வந்து நின்று கையைப் பிடித்து நன்றி சொன்னால் என்ன செய்வேன் என்று பயந்தேன். பார், அதுவே நடந்தது. அதுவும் சம்பந்தியாக.

இப்போது திரும்பவும் பொலிஸ் வீட்டுக்கு வீடு பதிவு எடுக்கிறது. போன மாதம் பெயர் எழுதும் ஃபோம் கொண்டுவந்தார்கள். வீட்டில் உள்ளோர் என்ற இடத்தில் எட்டுக் கோடு போட்டிருக்கிறது. முதலாவதில் என் பெயரை எழுதினேன். மற்ற ஏழையும் வெட்டி விடுங்கள், பிறகு ஒருவரும் எழுதிச் சேர்க்காமல் இருக்கும் என்று வந்த பெடியன் சொன்னான். ஒவ்வொரு கோடாக வெட்டினேன். உன் அம்மா நான் ஊரை விட்டு வர விருப்பமில்லாதவன் என்று நினைக்கிறா. அவவோடு டெலிபோனில் கதைக்கும்போது இப்போது மழையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும்தான் கதைக்கிறோம். அவவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாததால் மற்றக் கதைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. நீ கலியாணம் செய்யப்போகிறாய். ஒன்றை மட்டும் சொல்கிறேன், உனக்கு வெட்கமான காரியத்தை நிலானிக்கு அந்தக் கிழமையே சொல்லு. பிந்தினால், அதைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டிவரும். எனக்குப் பன்னிரண்டு வருசம் பிந்திவிட்டது.

உன் டெலிபோனுக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சிறிலுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையில் பாதியை ஒரு டெலிபோன் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மிச்சப் பாதியில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்தார். வரும்போது பஸ்ஸில் வசனம் வசனமாகக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அய்யே, புத்தகத்தை நான்தான் குடுத்தனான். நீங்கள் எண்டு சொல்லவிட்டதும் நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் மல்லி. அந்தக் கிழமையே தெரியும். அந்த இன்ஸ்பெக்டர் என்கிட்ட பெயின்ட் வாங்குற ஆள்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன ஆகும்? எனக்கு இந்தத் தெரு இருக்கு, சேர்ச் இருக்கு, என் ஆளுங்க இருக்காங்க. ஒரு பக்கம் கடைக்கு வராட்டி மத்தப் பக்கம் வரும். உனக்கு உன் ஆளுங்கள விட்டா யாரு இருக்கா? அவங்களும் விட்டா நீ எங்க போவ?" கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "ஆனா நீ வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நிறைய நாள் பாத்தேன். அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கதவுல சாணி அடிச்சது இல்ல."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. ஒரு ஆள் கதவுக்கொண்டி கேட்டு வந்தார். சிறில் எழும்பி எடுத்துக்கொடுத்துக் காசு வாங்கிப் போட்டுவிட்டு வந்து இருந்தார். குகனைப் பற்றியும் உன் கலியாணத்தைப் பற்றியும் அப்போது சொன்னேன். "அந்தப் பொடியனுக்குச் சொல்லு. கலியாணத்துக்குப் பிறகு இல்ல, முதல்ல சொல்லு. பிறகு சொன்னா அது ஏமாத்துறது" என்றார்.

ஆகவே தம்பி, இதை வாசித்து முடித்ததும் நிலானிக்குக் கொடு. பிறகு அம்மாவுக்கு. பிறகு நீயே கொண்டுபோய்க் குகனிடம் கொடு, தபாலில் போடாதே. அவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இரு. அவர் உன்னை ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள், அது எனக்கு உரியது. சிறில் என்ற மனுசன் அதைச் செய்யவில்லை என்பதை அவர் விளங்கிக்கொள்ளவேண்டும். மற்ற பதினாறு பேரில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லச் சொல்லு. என் பெயரைச் சொல்லியே சொல்லட்டும்.

அதற்குப் பிறகு நான் வரலாமா வேண்டாமா என்று நீங்கள் எல்லாரும் இருந்து கதையுங்கள். வரச்சொன்னால் இந்த முறை லீவும் பென்சனும் சொல்லமாட்டேன், வருவேன். தாலி எடுத்துக்கொடுக்க வேறு ஆளைப் பார்த்தாலும் பரவாயில்லை, பின் வரிசையில் இருப்பேன். வரவேண்டாம் என்றால் எனக்குக் கோபம் இல்லை, காரணம் எழுதவும் தேவையில்லை. கலியாணத்தன்று நான் தனிய இருப்பேன் என்று நீ யோசிக்கவேண்டாம். நான் அங்கே வராமல் போனால் அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிச் சிறில் சொல்லியிருக்கிறார். மகனுடைய கலியாணத்தன்று ஒருவன் தனியச் சமைத்துச் சாப்பிடக்கூடாதாம்.

அப்பா